ஒப்பாரி நேரடி ஒளிபரப்பு

முள்ளிக்கோட்டை சங்குமணி தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒப்பாரியை நேரடியாக ஒளிபரப்பப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியபோது அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரிக்கெட்டைக் காட்டுகிறான், கல்யாணத்தைக் காட்டுகிறான், ராக்கெட் விடுகிறதைக் காட்டுகிறான், ஒப்பாரியையும் காட்டிவிட்டுப் போகட்டுமே என்று டீக்கடையில் இரண்டு வாய் பேசிவிட்டு அவரவர் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்கள். உண்மையில் வரவிருந்தது ஓபரா. சென்னையில் இருக்கும் மருமகன் போனில் அந்தப் பெயரைத் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் தியேட்டர் முதலாளி பரமார்த்தலிங்கத்துக்கு இடது காது மந்தம், போனை அவர் இடது காதில்தான் வைப்பார், இது மருமகனுக்குத் தெரியாததும் இல்லை.

அதற்காகப் பரமார்த்தலிங்கத்தைக் குறை சொல்ல முடியாது. படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய காலம் போய், கூரைமேல் அண்ணாந்து கிடக்கும் ஒரு பெரிய சட்டி வழியாகப் படம் ஆகாயத்திலிருந்து இறங்குகிற காலம் வந்தபிறகு, எது இறங்கும் எது இறங்காது என்பது அவர் கையில் இல்லை. மருமகன் யாரோ ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அதன்படி புதுப்படங்களோடு, காய்கறி வாங்கினால் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி, வெளிதேசத்து நாடகக் கொட்டகைகளில் நடக்கும் பாட்டும் ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடியாக வந்து விழுந்தன. பாட்டாக வந்தால் ஓபரா, ஆட்டமாக வந்தால் பாலே. அங்கே அது மத்தியானக் காட்சி, இங்கே விளக்கு வைக்கிற நேரம்.

வெளிதேசத்தில் எப்படித்தான் அழுகிறார்கள் பார்த்துவிடுவோமே என்று முதல் ஞாயிறு கிளம்பி வந்த பெண்களை ஓபரா ஏமாற்றவில்லை. திரையில் நல்ல தாட்டியான ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், மூச்சு முட்ட முட்டப் பாடினார்கள். செத்தவர்களைப் பற்றிப் பாடினார்கள், சாகப் போகிறவர்களைப் பற்றிப் பாடினார்கள், கடைசியில் பாடிக்கொண்டே செத்தார்கள். ஒப்பாரி இல்லாமல் இது வேறென்ன என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. சுவரொட்டியைத் திருத்தி ஒட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் பூங்கனியும் ஒருத்தி. அவள் ஒப்பாரி கேட்க வரவில்லை, உட்காருவதற்காக வந்தாள். அவள் புருஷன் தவமணி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஒரு காலையில் மேல்தட்டிலிருந்து அண்டாவை இறக்கப் போய் அண்டாவோடு சேர்ந்து விழுந்தார், அண்டாவில் ஒரு நெளிசல் இல்லை, அவருக்கு இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டில்தான். மூக்கில் குழாய், குழாய் வழியாகக் கஞ்சி, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து, அழுக்குத் துணி, கொதிக்கிற தண்ணீர், திரும்பவும் கஞ்சி என்று இரண்டு வருஷத்துக்கு மேலே ஓடிவிட்டது. ஆரம்பத்தில் பூங்கனி அழுதாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு சாமிகளுக்கு நேர்ந்துகொண்டாள், அப்புறம் ஒன்றும் இல்லை. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதை மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவருக்கு ஒரு பக்கம் மரத்துப்போயிற்று, அவளுக்கு இரண்டு பக்கமும்.

இதற்குள் தவமணிக்கு மூன்று தடவை மூச்சு மாறிவிட்டது. மூன்று தடவையும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கி, வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கரண்டி பாலை அவர் உதட்டில் விட்டு, “போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். மூன்று தடவையும் அவருடைய அக்கா ராஜகனி, தாய் இல்லாத பிள்ளை என்று இடுப்பிலேயே தூக்கி வளர்த்த அக்கா, அவர் நெஞ்சில் விழுந்து, “ஏ தம்பி, ஒரே ஒரு தடவ கண்ண முழிச்சு அக்காவப் பாருய்யா” என்று கூப்பிட்டாள். அக்கா கூப்பிட்டு அவர் எந்தக் காலத்திலும் வராமல் இருந்ததில்லை. கண்ணை முழிப்பார், மூச்சு சீராகும், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போவார்கள், பூங்கனி கஞ்சி காய்ச்சப் போவாள்.

மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஒரு மத்தியானம், வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது, தவமணி விளங்குகிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாக்கு குழறியது, ஆனாலும் சொல் விளங்கியது. “அனுப்பிரு,” என்றார். பூங்கனி அதை ராஜகனியிடம் சொன்னாள்.

“தண்ணி கேட்டிருப்பான். ஒனக்குக் காது சரியில்ல,” என்றாள் ராஜகனி.

“இல்ல மதினி. அனுப்பிருன்னுதான் சொன்னாக.”

“ஏட்டி, நான் உசுரோட இருக்கையில என் தம்பி எங்கிட்டச் சொல்லாமப் போவானா?” என்று கேட்டுவிட்டு ராஜகனி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

அவர் தன்னிடம் கேட்டுவிட்டார், தான் செய்யவில்லை என்பது மட்டும் பூங்கனிக்குத் தெரிந்தது. எப்படிச் செய்வது என்றும் தெரியவில்லை. அவர் போகவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, இருக்கவேண்டும் என்றும் நினைக்கவில்லை. நினைக்கிற இடமே மரத்துக் கிடந்தது. ராஜகனி ஒன்றும் கெட்டவள் இல்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “நீ எங்கயாச்சும் போய்க் கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வாட்டி” என்று பூங்கனியை வெளியே அனுப்புகிறவள் அவள்தான். முள்ளிக்கோட்டையில் குளுகுளுவென்று உட்கார தியேட்டரை விட்டால் வேறு இடம் கிடையாது.

அந்த முதல் ஞாயிறு வந்த கதை, ஊர் புரிந்துகொண்ட அளவில், இதுதான்: ஒரு உப்பு வியாபாரிக்கு இரண்டு பெண்கள், தங்கையைக் கொல்ல ஒருத்தன் விஷம் கலந்துவைத்த கிண்ணத்தை அக்காக்காரி தெரிந்தே வாங்கிக் குடித்துவிட்டு, தங்கை கல்யாண ஊர்வலம் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் சாவைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு பாடுகிறாள். அக்காவாக வந்தவளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், நல்ல உடம்பு, அதைவிட நல்ல தொண்டை. அவள் பெயர் எழுத்தில் வந்ததை யாரும் படிக்காததால் ஊர் அவளுக்குத் தொண்டைக்காரி என்று பெயர் வைத்தது. நாற்காலியில் சாய்ந்து, கடைசி அடியை நூல் மாதிரி இழுத்து விட்டு, தலையைத் தொங்கப்போட்டு அவள் செத்தபோது, பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ரிட்டையர்டு கண்டக்டர் சோலைச்சாமி எழுந்து நின்று, பஸ்ஸை நிறுத்துகிற அதே குரலில், “ஒன்ஸ்மோர்!” என்றார்.

சோலைச்சாமி ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. அந்தத் தியேட்டரில் நல்ல பாட்டு வந்தால் ஒன்ஸ்மோர் கேட்பது வழக்கம், ஆபரேட்டர் ரீலைச் சுற்றித் திரும்பப் போடுவது வழக்கம். சட்டி வழியாக இறங்கும் படத்தை அப்படிச் சுற்ற முடியாது என்பதும், இது இந்த நிமிஷம் எங்கோ உண்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் செத்துக் கிடந்த தொண்டைக்காரி கண்ணைத் திறந்தாள். குரல் வந்த திசை எது என்று கொஞ்சம் தேடினாள். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் நின்று வாத்தியக்காரர்களுக்குக் குச்சி ஆட்டுகிற மனிதரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், அவர் குச்சியைத் தூக்கினார், வாத்தியங்கள் எழுந்தன, அவள் விஷத்தைக் குடித்த இடத்திலிருந்து முழுவதும் பாடி இன்னொரு தடவை செத்தாள். தியேட்டர் கைதட்டியது. பூங்கனி பின்வரிசையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தொண்டைக்காரிக்கு நம்முடைய குரல் எப்படிக் கேட்டது, நம்முடைய பேச்சு எப்படிப் புரிந்தது என்று கேட்கிறவர்கள் எப்போதும் ரெண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அவள் பாடினது ஒரு வார்த்தை புரியாமல்தானே அங்கே அத்தனை பேர் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள், நமக்கு அது முடியுமென்றால் அவளுக்கு இது முடியாதா. முள்ளிக்கோட்டைக்காரர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. கேட்டோம், பாடினாள், மரியாதை தெரிந்த மனுஷி என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நேரடியாக ஒரு சாவைப் பார்த்துவிட்டு அப்படியே அடுப்படிக்குள் நுழைய முடியாது என்பதால் பெண்கள் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், மறு ஞாயிறிலிருந்து பரமார்த்தலிங்கமே தியேட்டர் பின்பக்கம் குழாயடியில் நான்கு வாளி எடுத்து வைத்தார்.

இப்படியாக அது ஊர் வழக்கமாகிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் ஞாயிறு வேலை மத்தியானத்தோடு முடிந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோ வந்தது, முழுகாமல் இருக்கும் பெண்களைச் சாவு வருகிற ஓபராவுக்குக் கூட்டிப் போகக்கூடாது, பாலேவுக்குக் கூட்டிப் போகலாம் என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பாட்டு முடிகிறதற்குள் ஒன்ஸ்மோர் கேட்கக்கூடாது, முறுக்கு கடிக்கிற சத்தம் அங்கே கேட்கிறது ஆகவே கவனம் என்று பரமார்த்தலிங்கம் போர்டு எழுதி மாட்டினார். திரையில் தெரிந்த வெளிதேசக் கொட்டகையில் முன்வரிசையில் உட்காரும் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இடைவேளையில் எழுந்து இந்தப் பக்கம் திரும்பிக் கையாட்ட ஆரம்பித்தார், சோலைச்சாமியும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கையாட்டினார், இரண்டு பேருக்கும் அது மரியாதையாக இருந்தது.

பாலேவில்தான் சங்கடம் வந்தது. கொக்கு வேஷம் போட்ட சின்னப் பெண் ஒருத்தி கட்டைவிரல் நுனியில் நின்று பம்பரமாகச் சுற்றினாள், தியேட்டர் ஒன்ஸ்மோர் கேட்டது, சுற்றினாள், திரும்பக் கேட்டது, திரும்பவும் சுற்றினாள், வெள்ளைத் துணிச் செருப்பின் நுனியில் சிவப்பாக ஏதோ கசிந்தது.

“யாரு பெத்த பிள்ளையோ, கால் வலிக்கும்டா, விடுங்கடா!” என்று ஒரு கிழவி சத்தம் போட்டாள்.

விட்டார்கள். ஆனால் அந்தக் கிழவியே போன வாரம் வேறொரு கதையில் வந்த தொண்டைக்காரியை மூன்று தடவை சாகச் சொன்னவள் என்பதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை. சாவதில் வலி இருக்கும் என்று அதுவரை எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பூங்கனி எல்லா ஞாயிறும் போனாள். பல ஞாயிறு தூங்கினாள், சில ஞாயிறு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்காமல் இருந்தாள். மொத்தத் தியேட்டரில் ஒரு தடவைகூட ஒன்ஸ்மோர் கேட்காத ஒரே ஆள் அவள்தான். பிடிக்காமல் இல்லை, இன்னொரு தடவை வேண்டும் என்று நினைப்பதற்கு முதலில் ஒரு தடவை உள்ளே இறங்கியிருக்க வேண்டுமே.

மழைக்காலம் முடிகிற சமயம், விரும்பிக் கேட்டவர்களுக்காக என்று சொல்லி, அந்த உப்பு வியாபாரி மகள் கதையை இன்னொரு முறை அனுப்பினார்கள். ஊரே திரண்டு வந்துவிட்டது. ராஜகனிக்கு உடம்பு முடியாமல் அவள் வராததால் பூங்கனி மட்டும் போகவில்லை. தொண்டைக்காரி செத்தாள், ஒன்ஸ்மோர் என்றார்கள். எழுந்து செத்தாள், ஒன்ஸ்மோர் என்றார்கள். பால்கனி கேட்டது, பெஞ்சு கேட்டது, நின்றுகொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், வெளியே டிக்கெட் கிடைக்காமல் கதவில் காதை வைத்திருந்தவர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் போதும் என்று ஆகி, தொண்டை கட்டி, பசியெடுத்து எழுந்தபோது, அவள் யாரும் கேட்காமலேயே கண்ணைத் திறந்து அடுத்த சாவை ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமையும் தொண்டைக்காரிக்கு உயிர் போகவில்லை. செவ்வாய், புதன் என்று ஒளிபரப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் சாய்வாள், தலை தொங்கும், சற்று நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்கும், கண் திறக்கும், குரல் வரும். குரல் நாளுக்கு நாள் மெலிந்துவந்தது. அங்கே வாத்தியக்காரர்கள் முறை வைத்துச் சாப்பிடப் போய் வந்தார்கள், வெள்ளை மீசைக்காரர் கம்பளி போர்த்திக்கொண்டு முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பரமார்த்தலிங்கம் மெஷினை நிறுத்திப் பார்த்தார், மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தார், திரை மட்டும் அணையவில்லை. வெள்ளிக்கிழமை புதுப்படம் போடவேண்டும் என்று மருமகனுக்குப் போன் செய்தார். அவர் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அதோடு போனை எடுக்கவில்லை.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. இழுத்துக்கொண்டு கிடக்கிற ஒரு பெண்ணைப் பார்க்காமல் இருப்பது முறையில்லை என்று, வேலைக்குப் போகிற வழியில் தியேட்டருக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிவந்து திரைக்குக் கீழே வைத்தார்கள். வியாழக்கிழமை ரசிகர் மன்றத்துக்காரர்கள் கேனில் பால் கொண்டுவந்தார்கள். அவர்கள் படம் வெளியாகிற அன்றைக்குக் கட்-அவுட்டுக்கு ஊற்றிப் பழகினவர்கள், தியேட்டரில் ஒரு தடங்கல் என்றால் அவர்களுக்குத் தெரிந்த பரிகாரம் அதுதான். பெண்கள் அந்தக் கேனைப் பிடுங்கிக்கொண்டு, இது தலையில் ஊற்றுகிற பால் இல்லை, வாயில் ஊற்றுகிற பால் என்று விளக்கினார்கள். வாய் எட்டாத உயரத்தில் இருந்ததால் ஏணி வைத்து ஏறித் திரையில் அவள் உதடு வரும் இடத்தில் கரண்டி கரண்டியாக விட்டார்கள். சாகக் கிடக்கிறவருக்கு மண்மேல் ஆசை இருந்தால் சொந்த ஊர் மண்ணைக் கரைத்து ஊற்றவேண்டும், ஆனால் அவள் ஊர் எதுவென்று தெரியாததால் முள்ளிக்கோட்டைக் கரிசலையே கரைத்து ஊற்றினார்கள். ஒன்றுக்கும் அவள் அசையவில்லை, இன்னொரு தடவை பாடினாள்.

அடுத்த ஞாயிறு ராஜகனி வந்தாள், பூங்கனி தியேட்டருக்குப் போனாள். உள்ளே கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. திரைக்கு முன்னால் வரிசை நின்றது. சோலைச்சாமி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“என்னண்ணாச்சி, எதுக்கு வரிசை?” என்று கேட்டாள் பூங்கனி.

“கேட்டவங்கதான் விடை கொடுக்கணும்னு பேசி முடிவு பண்ணியிருக்கோம் தங்கச்சி. நாந்தான மொதல்ல கேட்டேன். அந்த வாய அறுத்துப் போடணும். ஒவ்வொருத்தராப் போயி, சந்தோசமாப் போயிட்டு வா தாயின்னு சொல்லிட்டு வாரோம். ஊரே சொல்லிப்புட்டோம். தலையத் தலைய ஆட்டுதா, கண்ண மூடுதா, பெறவு வந்துருதா.”

பூங்கனி ஒரு பக்கமாக நின்று பார்த்தாள். வரிசையில் நின்ற ஒருத்தி முன்னால் போனாள், கையெடுத்துக் கும்பிட்டாள், “போயிட்டு வா தாயி” என்றாள். தொண்டைக்காரி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். போனாள். வந்தாள். அடுத்தவள் போனாள், “நல்லபடியாப் போயிட்டு வாம்மா” என்றாள். தொண்டைக்காரி போனாள், வந்தாள். சொன்னதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். ஒரு எழுத்துத் தப்பாமல், சொன்னது முழுவதையும் செய்துகொண்டிருந்தாள்.

முள்ளிக்கோட்டையில் பிறந்த நாக்கு எதுவும் ஒரு ஆளை வழியனுப்பும்போது வெறுமே போ என்று சொல்லாது. கடைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்லாது, கட்டிக்கொடுத்த பெண்ணிடம் சொல்லாது, ஜெயிலுக்குப் போகிறவனிடம் சொல்லாது, பாடையில் ஏறினவனிடமும் சொல்லாது. போய்விட்டு வரவேண்டும், எல்லோரும் எங்கே போனாலும் வந்துவிட வேண்டும். வரவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொன்னாலும் நாக்கு அந்த வா-வைச் சேர்த்துக்கொள்ளும்.

பூங்கனி வரிசையில் நிற்கவில்லை. அவள் எதுவும் கேட்டதில்லை என்பதால் அவளுக்கு வரிசையில் இடமும் இல்லை. நேரே நடந்து திரைக்கு அடியில் போய், பாலும் கரிசலும் காய்ந்து கிடந்த தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் தொண்டைக்காரியின் முகத்தைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைச் சுற்றிப் பூசின மை கரைந்து இறங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

“வலிக்கா?” என்று கேட்டாள்.

தொண்டைக்காரி பாட்டை நிறுத்தினாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் குனிந்து பூங்கனியைப் பார்த்தாள், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

“போ,” என்றாள் பூங்கனி.

தியேட்டர் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. தொண்டைக்காரி எழுந்து நின்றாள். தன் ஊர்க் கூட்டத்தைப் பார்க்காமல் இந்தப் பக்கம் பார்த்து, பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் மடித்து, தலை தாழ்த்தி வணங்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பாடாமல், வீட்டில் களைத்து வந்தவர்கள் சாய்கிற மாதிரி சாய்ந்தாள். சிவப்புப் படுதா இறங்கியது. வெள்ளை மீசைக்காரர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொள்வது தெரிந்தது. அதற்கப்புறம் திரை வெறும் திரையாக இருந்தது.

“வெளக்கு வைக்கிற நேரத்துல ஒரு பொம்பளப் பிள்ளையப் பாத்துப் போன்னு சொல்லிட்டாளே,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

“கல்லு. ரெண்டு வருசமாவே கல்லுதான்,” என்றாள் இன்னொருத்தி. அப்படிச் சொன்னவளே முதல் ஆளாகக் குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சோலைச்சாமி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பரமார்த்தலிங்கம் புதுப்படத்துக்குச் சுவரொட்டி ஒட்ட ஆள் அனுப்பினார். தான் நல்லது செய்தோம் என்றோ கெட்டது செய்தோம் என்றோ பூங்கனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் வலித்தது, உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது போன் அடித்தது. ராஜகனிதான். “தம்பிக்கு மூச்சு மாறிருச்சுட்டி. ஓடியா,” என்றாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளூர்ச் சொந்தங்கள் வந்துவிட்டிருந்தார்கள், வெளியூர் வேன்கள் கிளம்பியிருந்தன. தவமணி வாயைத் திறந்தபடி கிடந்தார், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு ஆள் எழுந்து நடந்துவிட்டு வரலாம், அவ்வளவு இடைவெளி இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் பாலை விட்டார்கள், போயிட்டு வாங்க என்றார்கள். தலைமாட்டில் ராஜகனி, கூப்பிடுவதற்குத் தயாராக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கரண்டியப் பிடி. நீ விடு,” என்றாள் பூங்கனியிடம்.

பூங்கனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தியேட்டரில் வந்த சொல் சுலபமாக வரும் என்றுதான் நினைத்தாள். வாயைத் திறந்த பிறகுதான் அது வராது என்று தெரிந்தது. முகம் தெரியாத ஒருத்தியைப் போ என்று சொல்லிவிடலாம். தாலி கட்டினவரை அப்படி ஒருமையில் சொல்ல அவளுக்கு நாக்கு பழக்கப்படவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய சொல்லைத் தேடி அவள் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். எண்ணெயும் மருந்தும் கலந்த வாடைக்கு அடியில் எங்கேயோ அவருடைய பழைய வாடை இருந்தது.

“போங்க,” என்றாள்.

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. கல்யாணமான புதிதில், கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு அவர் ஏதாவது சொல்லுவார், அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போங்க” என்பாள். அந்தப் போங்கதான் இப்போது வந்திருந்தது, அதே இழுப்போடு, அதே குழைவோடு, அத்தனை சொந்தங்களுக்கு நடுவில். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. சூடு என்று ஒன்று அவளுக்குத் தெரிந்தது எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்போதுதான்.

தவமணியின் விளங்குகிற பக்கத்து உதடு அசைந்தது. கோணலாக, கொஞ்சம் போல, எதிரில் இருக்கிறவளை வம்புக்கு இழுக்கிறவன் சிரிக்கிற சிரிப்பு. ராஜகனி கூப்பிட வாயைத் திறந்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், திறந்த வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மூச்சுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“அவன்ட்ட என்னட்டி சொன்ன?” என்று கேட்டாள் ராஜகனி. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மடக்கி உட்கார்ந்த கால் மரத்து, பிறகு உயிர் வரும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படிப் பூங்கனிக்கு உள்ளங்காலிலிருந்து ஆரம்பித்து உடம்பு முழுக்க வலித்தது, நெஞ்சுக்கு வந்தபோது பெரிய சத்தமாக வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், ஒரு தடவையும் அவர் போனதே இல்லை, இன்னும் ஒரு அடி பக்கத்தில்தான் வந்து நிற்பார்.